எடுத்துச்செல்லத்தக்க வானொளிப்படக் கருவிகள்

எடுத்துச்செல்லத்தக்க வானொளிப்படக் கருவிகள் என்பவை விண்மீன்கள், நெபுலாக்கள், பால்வழி, நிலவு, சூரியன் ஆகியவற்றை ஒளிப்படம் எடுப்பதற்காக ஒருவர் தாமே சுமந்து செல்லக்கூடிய கருவித் தொகுதியைக் குறிக்கும். ஓர் ஒளிப்படக்கருவி, ஒரு வில்லை அல்லது சிறு தொலைநோக்கி, ஒரு முக்காலி, புவியின் சுழற்சியை ஈடுசெய்யும் ஒரு தாங்கி, மின்கலம் ஆகியன பொதுவாக இத்தொகுதியில் அடங்கும். தொடக்கநிலையில் உள்ளோர் பெரும்பாலும் தொலைநோக்கியை முதலில் வாங்கி, தாங்கியைப் பற்றிப் பின்னர் சிந்திக்கின்றனர். ஆனால் படத்தின் தரத்தை முதலில் தீர்மானிப்பது தாங்கியே ஆகும்.

இத்துறை பற்றிய கையேடுகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வாழ்வோருக்காக எழுதப்பட்டவை. அவற்றில் கூறப்படும் சில அறிவுரைகள் புவியின் நடுவரைக்கு அருகிலுள்ள தமிழ்நாட்டுக்குப் பொருந்துவதில்லை. இக்கட்டுரை பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ள கன்னிவாடியையும், அம்மலைத்தொடரின் மேல் அமைந்த கொடைக்கானலையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு கருவித் தேர்வை விளக்குகிறது.

அமைவிடமும் வானமும்

கன்னிவாடி திண்டுக்கல் மாவட்டத்தில், திண்டுக்கல் நகருக்கு மேற்கே அமைந்துள்ள ஒரு பேரூராட்சியாகும். (திருப்பூர் மாவட்டத்திலும் இதே பெயரில் ஒரு பேரூராட்சி உள்ளது.) இதன் அகலாங்கு ஏறத்தாழ 10.4 பாகை வடக்கு. கொடைக்கானல் ஆய்வகத்தின் அகலாங்கு 10.2 பாகை. ஆகவே வானத்தின் அமைப்பைப் பொறுத்தவரை இரண்டு ஊர்களுக்கும் வேறுபாடு இல்லை என்றே கொள்ளலாம். உயரம், வெப்பநிலை, அடிவானத்தை மறைக்கும் மலைகள் ஆகியவற்றில்தான் வேறுபாடு உள்ளது.

ஓர் இடத்தில் துருவ விண்மீன் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் தெரியும் என்பது அவ்விடத்தின் அகலாங்குக்கு ஏறத்தாழச் சமமாகும். இலண்டனில் அது சுமார் 51 பாகை உயரத்திலும், கன்னிவாடியில் சுமார் 10 பாகை உயரத்திலும் தெரியும். பால்வழியின் மையப்பகுதியைப் பொறுத்தவரை நிலைமை நேர்மாறானது. தனுசு விண்மீன் குழுவில் உள்ள அப்பகுதி இலண்டனில் உச்சமாக 10 பாகைக்கும் சற்றுக் குறைவாகவே எழும்புகிறது; கன்னிவாடியில் 50 பாகை வரை ஏறுகிறது. இலண்டன்வாசிக்குத் துருவ விண்மீன் எளிது, பால்வழி மையம் அரிது. கன்னிவாடிக்காரருக்குப் பால்வழி மையம் எளிது, துருவ விண்மீன் கடினம். இந்த ஒரே இடமாற்றம் கருவித் தேர்வில் பல விளைவுகளை உண்டாக்குகிறது.

தென்வானப் பொருட்களும் இங்கு நன்கு தெரிகின்றன. ஒமேகா செண்டாரி என்னும் கோள விண்மீன் கொத்து 32 பாகை உயரத்தையும், தென்சிலுவையும் கரீனா நெபுலாவும் சுமார் 20 பாகை உயரத்தையும் அடைகின்றன. ஆயினும் கன்னிவாடியில் மேற்கிலும் தென்மேற்கிலும் பழனி மலைகள் அடிவானத்தை மறைக்கின்றன. கிழக்கே திண்டுக்கல் நகரின் ஒளி வானில் பரவுகிறது. வடக்கே சமவெளி திறந்திருப்பதால், தூசும் மூட்டமும் இல்லாத இரவுகளில் துருவ விண்மீனைக் காண இயலும்.

வரலாறு

வானொளிப்படத்துக்காகக் கருவிகளைச் சுமந்து செல்லும் வழக்கம் தென்னிந்தியாவுக்குப் புதியதன்று. 1871 திசம்பர் 12 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின் பாதை தென்னிந்தியாவைக் கடந்து சென்றது. அதைக் காண வந்த குழுக்கள் மேற்குக் கடற்கரையின் பேக்கல் கோட்டை, நீலகிரியின் தொட்டபெட்டா, சமவெளியில் அவிநாசி முதலிய இடங்களில் முகாமிட்டன. அக்காலத்தில் வழங்கிய ஈரத் தட்டு முறையில், கண்ணாடித் தட்டின்மீது படப்பிடிப்புக்குச் சற்று முன்னர் வேதிக்கலவை பூசி, அது உலர்வதற்குள் படமெடுத்து, உடனே உருத்துலக்க வேண்டும். ஆதலால் தொலைநோக்கியுடன் ஓர் இருட்டறைக் கூடாரமும் மலையேற வேண்டியிருந்தது.

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899 இல் நிறுவப்பட்டது. 1876 இல் தொடங்கிய சென்னை மாகாணப் பெரும்பஞ்சத்தின் பின்னர், சூரியனுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என ஆராயும் நோக்கம் வலுப்பெற்றது. அதுவே இவ்வாய்வகம் தோன்றக் காரணங்களுள் ஒன்றாயிற்று. சென்னை ஆய்வகத்தின் வானியல் பணிகள் சார்லசு மிச்சி சுமித் தலைமையில் 2343 மீட்டர் உயரத்திலுள்ள இவ்விடத்துக்கு மாற்றப்பட்டன. 1904 முதல் இங்குச் சூரியனின் வெண்ணொளிப் படங்கள் நாள்தோறும் எடுக்கப்பட்டு வந்தன. இதற்குப் பயன்பட்ட வில்லையின் விட்டம் முதலில் 10 செ.மீ., பின்னர் 15 செ.மீ. மட்டுமே. இன்று ஆர்வலர்களின் கைகளில் உள்ள பல தொலைநோக்கிகளுக்கு இதைவிடப் பெரிய துளை உண்டு. நூறாண்டுக்கும் மேலான இப்படத்தொடர் உலக அளவில் மதிக்கப்படுவதற்குக் காரணம் துளையின் அளவன்று. அசையாத தாங்கியும், ஒரே முறையில் தொடர்ந்து எடுத்த ஒழுங்கும் ஆகும்.

நிலையான கருவியைப் பெயர்த்து எடுத்துச் செல்வதிலுள்ள இடரையும் இதே ஆய்வகத்தின் வரலாறு காட்டுகிறது. எவர்செட் விளைவை 1909 இல் கண்டறிந்தவரும், பின்னர் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தவருமான சான் எவர்செட், 1922 செப்டம்பர் 21 முழுச் சூரிய கிரகணத்துக்காகக் கருவிகளுடன் மேற்கு ஆத்திரேலியாவின் வாலல் கடற்கரைக்குச் சென்றார். சூரியனுக்கு அருகே விண்மீன் ஒளி வளைவதை அளந்து ஐன்சுடைனின் கோட்பாட்டைச் சோதிப்பது நோக்கம். வானம் தெளிவாகவே இருந்தது. அங்கு முகாமிட்டிருந்த அமெரிக்காவின் லிக் ஆய்வகக் குழு கோட்பாட்டை உறுதிசெய்யும் அளவீடுகளைப் பெற்றது. எவர்செட் குழுவோ கருவிக் கோளாறுகளால் பயனுள்ள அளவீட்டைப் பெற இயலாமல் திரும்பியது.

ஆர்வலர்களுக்கான எளிய தாங்கிகளின் வரலாறு பிற்காலத்தது. இசுகொட்லாந்தைச் சேர்ந்த சி. ஒய். எய்க் என்பவர் 1975 இல் வெளியிட்ட கீல் தாங்கி பரவலாகப் பின்பற்றப்பட்டது. சப்பானின் விக்சன் நிறுவனம் 2011 இல் வெளியிட்ட ‘போலாரி’ போன்றவை கைக்குள் அடங்கும் மின்னோடித் தாங்கிகளைப் பரவலாக்கின.

புவிச் சுழற்சியும் ஒளிபடு நேரமும்

புவி சுழல்வதால் வானம் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 15 வில்விநாடி நகர்வதாகத் தோன்றுகிறது (ஒரு பாகை 3600 வில்விநாடிகளைக் கொண்டது). தாங்கி இல்லாத நிலையான முக்காலியில் நீண்ட நேரம் படமெடுத்தால் விண்மீன்கள் புள்ளிகளாக அமையாமல் கோடுகளாக நீளும். இதைத் தவிர்க்க ‘500 விதி’ என்னும் தோராயக் கணக்கு வழங்குகிறது. 500 ஐ வில்லையின் குவியத்தூரத்தால் (மில்லிமீட்டரில்) வகுத்தால் கிடைப்பது, ஒளிபடலாகும் மிகுதியான விநாடிகள். உணரி முழுச்சட்ட அளவைவிடச் சிறியதாயின், விடையை மேலும் 1.5 அல்லது 1.6 ஆல் வகுக்க வேண்டும். தொடக்கநிலைக் கருவிகளுடன் வரும் 18 மி.மீ. வில்லைக்கு இது 17 அல்லது 18 விநாடி, 50 மி.மீ. வில்லைக்கு ஏழு விநாடிக்கும் குறைவு.

இவ்விதி படச்சுருள் காலத்தது. இன்றைய உணரிகளுக்கு மிகவும் தாராளமானது. ஒரு படப்புள்ளி வானில் எவ்வளவு கோணத்தை அடைக்கிறது என்பதை, படப்புள்ளியின் அளவை (மைக்ரோமீட்டரில்) 206 ஆல் பெருக்கிக் குவியத்தூரத்தால் வகுத்து அறியலாம். 3.9 மைக்ரோமீட்டர் படப்புள்ளிகளைக் கொண்ட உணரியுடன் 50 மி.மீ. வில்லையைப் பயன்படுத்தினால் ஒரு படப்புள்ளிக்கு 16 வில்விநாடி வருகிறது. 500 விதிப்படி ஏழு விநாடி எடுத்தால் விண்மீன் ஆறு படப்புள்ளிகள் நீண்டுவிடும். திரையில் சிறிதாக்கிக் காணும் படத்துக்கு இது போதும், அச்சிடப் போதாது.

ஆகவே முதல் படிநிலைக்கு எந்தப் புதிய கருவியும் தேவையில்லை. கையிலுள்ள ஒளிப்படக்கருவி, அகன்ற கோண வில்லை, உறுதியான முக்காலி, பொத்தானைத் தொடாமல் படமெடுக்க உதவும் நேர இடைவெளிக் கருவி ஆகியவை போதும். 2019 முதல் சில கைபேசிகளிலும் இரவு வானத்துக்கான தனி முறைமை தரப்படுகிறது. அவற்றையும் முக்காலியில் பொருத்தியே பயன்படுத்த வேண்டும். பால்வழியையும் விண்மீன் குழுக்களையும் இவ்வாறு சில மாதங்கள் படமெடுத்துப் பார்ப்பவருக்கு, அடுத்து எது தேவை என்பது தானாகவே புலப்படும்.

பின்தொடர் தாங்கி

புவியின் அச்சுக்கு இணையான ஓர் அச்சில், புவிச் சுழற்சிக்கு எதிர்த்திசையில், 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில் ஒளிப்படக்கருவியைத் திருப்பும் கருவியே பின்தொடர் தாங்கி. கடைகளில் இது ‘ஸ்டார் டிராக்கர்’ என அழைக்கப்படுகிறது. ஸ்கை-வாட்சர் நிறுவனத்தின் ‘ஸ்டார் அட்வெஞ்சரர் 2ஐ’, ஐஆப்ட்ரான் நிறுவனத்தின் ‘ஸ்கைகைடர் புரோ’ ஆகியன இவ்வகையில் பெயர்பெற்றவை. ஏறத்தாழ 1 கிலோகிராம் எடையுள்ள இவை 5 கிலோகிராம் வரை தாங்குவதாக அவற்றின் உற்பத்தியாளர்கள் குறிப்பிடுகின்றனர். இவ்வெண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது. ஒளிப்படத்துக்கு அதில் பாதியே பாதுகாப்பான வரம்பு என்பது ஆர்வலர்களிடையே நிலவும் நடைமுறை. ஒளிப்படக்கருவியும் 135 மி.மீ. வில்லையும் சேர்ந்து ஒன்றரை கிலோகிராம் அளவில் அமைவதால் அவ்வரம்புக்குள் எளிதாக அடங்கும்.

2022 இல் வெளியான ‘ஸ்டார் அட்வெஞ்சரர் சிடிஐ’ வானப்பொருளைத் தானே தேடிச் செல்லும் இரண்டு மின்னோடிகளைக் கொண்டது. அதன் தலைப்பகுதி மட்டும் 2.6 கிலோகிராம், முக்காலியும் எதிரெடையும் தனி. வத்தலக்குண்டு வழியாகப் பேருந்தில் மலையேறுபவருக்கு இந்த வேறுபாடு சிறியதன்று. தோளில் ஒரு பை, கையில் ஒரு முக்காலி என்ற அளவைத் தாண்டும் தொகுதி, சில பயணங்களுக்குப் பின் வீட்டிலேயே தங்கிவிடுகிறது.

கீல் தாங்கி

மின்னோடித் தாங்கி வாங்க இயலாத மாணவர்கள் எய்க் முறைக் கீல் தாங்கியைத் தாமே செய்யலாம். இரண்டு மரப்பலகைகளைக் கதவுக்கீலால் இணைத்து, கீலின் அச்சு வானத் துருவத்தை நோக்குமாறு முக்காலியில் பொருத்த வேண்டும். கீழ்ப்பலகை வழியாகச் செல்லும் திருகு மேல்பலகையை மெல்ல உயர்த்தும். திருகு நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றும்போது பலகை விண்மீன்களின் வேகத்தில் திறக்க வேண்டுமாயின், கீலின் அச்சுக்கும் திருகுக்கும் இடையேயுள்ள தூரம் திருகின் புரியிடைத் தூரத்தைப் போல 228.6 மடங்காக இருக்க வேண்டும். வன்பொருள் கடைகளில் எளிதில் கிடைக்கும் எம்6 திருகின் புரியிடை 1 மி.மீ.; ஆகவே தூரம் 228.6 மி.மீ. கால் அங்குலத் திருகில் அங்குலத்துக்கு 20 புரிகள் இருப்பின் தூரம் 290 மி.மீ. கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்துக் கையாலேயே திருகைச் சுற்றலாம்.

நேரான திருகு நேர்கோட்டில் நகர்வதாலும் பலகை வட்டத்தில் நகர்வதாலும் பிழை சிறிது சிறிதாகக் கூடும். அகன்ற கோண வில்லையுடன் சுமார் 10 நிமிடம் வரை இப்பிழை புலப்படாது. அதற்கு மேல் வேண்டுவோர் திருகை வில்லாக வளைத்துப் பயன்படுத்துகின்றனர். இதில் பெரும் குறை, கீலின் தளர்வு. மலிவான கீல் ஆடினால் எல்லாக் கணக்கும் வீணாகும். பணத்தைச் சேமிக்க வேண்டிய இடம் கீல் அன்று.

பத்துப் பாகையில் துருவ ஒழுங்கமைப்பு

தாங்கியின் அச்சைத் துருவத்தை நோக்கி நிறுத்துவதே துருவ ஒழுங்கமைப்பு எனப்படும். பழனி மலைப்பகுதியில் இதற்கு மூன்று தடைகள் உள்ளன.

முதலாவது, துருவ விண்மீனின் ஒளி. 10 பாகை உயரத்தில் அதன் ஒளி தலைக்கு மேலுள்ள விண்மீனின் ஒளியைப் போல ஐந்து மடங்குக்கும் மேலான காற்றுத் திணிவைக் கடந்து வருகிறது. தெளிவான இரவிலும் அது ஓர் ஒளியளவுக்கு மேல் மங்குகிறது. மூட்டமுள்ள இரவுகளில் முற்றிலும் மறைகிறது. இரண்டாவது, மலைமுகடு. தெற்கு நோக்கிய சரிவில் அமைந்த ஊர்களிலிருந்து வடக்கே 10 பாகை உயரம் வரை பெரும்பாலும் மலையோ மரமோதான் தெரியும். மூன்றாவது, தாங்கியின் வடிவமைப்பு. சில தாங்கிகளின் சாய்வு அளவுகோல் 15 அல்லது 20 பாகையில் தொடங்குகிறது. அவற்றை இங்குச் சரியாக நிறுத்த இயலாது. தாங்கி வாங்குமுன் சாய்வு எல்லை 10 பாகைக்குக் கீழ் செல்கிறதா என்று பார்ப்பது, அதன் எடையைப் பார்ப்பதைவிட முதன்மையானது. எதிரெடைத் தண்டும் இக்கோணத்தில் ஏறத்தாழச் செங்குத்தாகத் தொங்குவதால் முக்காலியின் வடக்குக் காலில் இடிக்கும். இரண்டு கால்களுக்கு இடையிலுள்ள வெளி வடக்கே வருமாறு முக்காலியைத் திருப்புவதும், தாங்கிக்கு அடியில் ஒரு நீட்டுத்தூண் வைப்பதும் இதற்குத் தீர்வுகளாகும்.

துருவ விண்மீன் தெரியாவிட்டால் என்ன செய்வது என்பது தொடக்கநிலையாளரை மிகவும் தளரவைக்கும் கேள்வி. ஆனால் விடை எளிது. அச்சு ஒரு பாகை பிழையாக இருந்தால் விண்மீன் நிமிடத்துக்கு மிகுதியாக 16 வில்விநாடி விலகும். மேலே கூறிய உணரியில், 50 மி.மீ. வில்லையுடன் ஒரு நிமிடம் எடுக்கும்போது இது ஒரே ஒரு படப்புள்ளி. 135 மி.மீ. வில்லையில் இரண்டரைப் படப்புள்ளி, 400 மி.மீ. குவியத்தூரமுள்ள தொலைநோக்கியில் எட்டுப் படப்புள்ளி. எனவே 50 மி.மீ. வில்லைக்குக் காந்த ஊசியும் கோணமானியுமே போதுமானவை. தென் தமிழ்நாட்டில் காந்த வடக்குக்கும் மெய் வடக்குக்கும் உள்ள வேறுபாடு 2 பாகைக்கும் குறைவு என்பது இங்குள்ளோருக்கு வாய்த்த நல்வாய்ப்பாகும். ஐரோப்பியக் கையேடுகள் காந்த ஊசியை நம்ப வேண்டாம் என எச்சரிப்பதை இவ்விடத்தில் சற்றுத் தளர்த்திக்கொள்ளலாம். காந்த ஊசியை இரும்பு முக்காலியிலிருந்தும் வண்டியிலிருந்தும் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும்.

நீண்ட குவியத்தூரத்துக்கு நகர்வு முறை ஏற்றது. தெற்கே உச்சிக்கோட்டுக்கு அருகிலுள்ள விண்மீன் ஒன்று படத்தில் வடக்கே அல்லது தெற்கே நகர்வதைக் கண்டு அச்சின் கிழக்கு-மேற்குப் பிழையையும், கிழக்கு அல்லது மேற்கு வானிலுள்ள விண்மீனின் நகர்வைக் கண்டு உயரப் பிழையையும் திருத்துவதே இம்முறை. துருவ விண்மீனைப் பார்க்க வேண்டிய தேவையே இதில் இல்லை. கட்டற்ற மென்பொருளான ‘பிஎச்டி2’ இம்முறைக்கான துணைக்கருவியைக் கொண்டுள்ளது.

ஒளிப்படக்கருவியும் வில்லையும்

வில்லை மாற்றத்தக்க எந்த எண்ணிம ஒளிப்படக்கருவியும் தொடக்கத்துக்குப் போதுமானது. கண்ணாடியில்லாக் கருவிகள் பரவியபின், பழைய எண்ணிம எசு.எல்.ஆர். கருவிகள் பயன்படுத்திய நிலையில் மலிவாகக் கிடைக்கின்றன. பண்படுத்தாத கோப்பாகப் படத்தைச் சேமிக்கும் வசதி, கையால் ஒளிபடு நேரத்தை அமைக்கும் வசதி, திரையில் பெரிதாக்கிக் காணும் வசதி ஆகிய மூன்றும் இருந்தால் பத்தாண்டு பழைய கருவியும் ஏற்புடையதே.

நெபுலாக்களின் சிவப்பு ஒளி பெரும்பாலும் ஐதரசனின் 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில் அமைகிறது. வழக்கமான ஒளிப்படக்கருவிகளில் உணரிக்கு முன்னுள்ள வடிகட்டி இதன் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. கேனான் நிறுவனம் 2005 இல் ‘20டிஏ’, 2012 இல் ‘60டிஏ’, 2019 இல் ‘ஈஓஎஸ் ஆர்ஏ’ எனத் தடுப்புக் குறைந்த வானியல் பதிப்புகளை வெளியிட்டது; அவை இப்போது உற்பத்தியில் இல்லை. வடிகட்டியை நீக்கித் தருவோரும் உள்ளனர். எனினும் ஓரியன் நெபுலா, கரீனா நெபுலா போன்ற பிரகாசமானவற்றுக்கு மாற்றாத கருவியே போதும். முதல் ஆண்டில் கருவியைத் திறப்பது தேவையற்றது.

வில்லைகளில் 50 மி.மீ. எஃப் 1.8 வகையே விலைக்கு மிகுந்த பயன் தருவது. முழுத் துளையில் ஓரத்து விண்மீன்கள் சிறகு விரித்தது போல் உருக்குலையும். துளையை எஃப் 2.8 அல்லது 4 அளவுக்குச் சுருக்கினால் சீராகும். அடுத்த படியாக 135 மி.மீ. வில்லை. ஒரு படப்புள்ளிக்கு 6 வில்விநாடி என்ற அளவில் இது ஆண்ட்ரோமெடா பேரடை, ஓரியன் வாள்பகுதி, தனுசுவின் நெபுலாக்கள் ஆகியவற்றை ஒரே சட்டத்துள் கொணர்கிறது.

குவியத்தை வில்லையிலுள்ள முடிவிலிக் குறியை நம்பி அமைக்கலாகாது. பிரகாசமான ஒரு விண்மீனைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை திருத்த வேண்டும். வெப்பநிலை மாறும்போது குவியமும் மாறும் என்பதால், மணிக்கொரு முறை சரிபார்ப்பது நன்று.

ஒரே நீண்ட படத்துக்குப் பதிலாகப் பல குறும்படங்களை எடுத்து அடுக்குவது இன்றைய முறை. நூறு படங்களை அடுக்கினால் இரைச்சலுடன் ஒப்பிட்ட ஒளிக்குறிகை பத்து மடங்காகிறது. ‘சிரில்’, ‘டீப்ஸ்கைஸ்டாக்கர்’ ஆகிய மென்பொருள்கள் இப்பணியை இலவசமாகச் செய்கின்றன. பொருட்களின் இருப்பிடத்தை முன்கூட்டியே அறிய ‘ஸ்டெல்லேரியம்’ உதவும். மென்பொருளுக்குச் செலவிடும் பணத்தைத் தாங்கிக்குத் திருப்பிவிடலாம்.

தொலைநோக்கி

தொடக்கநிலைக் கருவி என்ற பெயரில் விற்கப்படும் தொலைநோக்கிகளில் பல ஒளிப்படத்துக்கு உதவாதவை. பெட்டியின் மேல் ‘500 மடங்கு’ என அச்சிட்டிருப்பதை ஓர் எச்சரிக்கையாகவே கொள்ள வேண்டும். மெல்லிய உலோகக் கால்களையுடைய அவற்றின் முக்காலி கை பட்டாலே பல விநாடிகள் அதிர்கிறது. மலிவான சிறு நியூட்டன் வகைத் தொலைநோக்கிகளில் குவியம் குழாய்க்கு மிக அருகே அமைவதால், ஒளிப்படக்கருவியைப் பொருத்தினால் குவியமே கிடைக்காமல் போவதும் உண்டு. மாணவர் ஒருவர் நெடுநாள் சேமித்து இத்தகைய கருவியை வாங்கி, ஓரிரு மாதங்களில் ஆர்வத்தையே கைவிடும் நிலை அரிதன்று. கண்ணால் நிலவையும் வியாழனையும் காண்பதற்கு அதே கருவி பயன்படும். குறை கருவியில் மட்டுமன்று, அதனிடம் எதிர்பார்த்ததிலும் உள்ளது.

ஒளிப்படத்துக்குத் தொலைநோக்கி வேண்டுவோர் 50 முதல் 60 மி.மீ. துளையும் 250 முதல் 360 மி.மீ. குவியத்தூரமும் கொண்ட சிறு ஒளிவிலகல் தொலைநோக்கியைத் தேர்வது பொருத்தம். ஆயினும் இச்சிறு தாங்கிகளின் பற்சக்கரங்கள் தரும் ஏற்ற இறக்கப் பிழை பல பத்து வில்விநாடிகள் வரை செல்லும். 50 மி.மீ. வில்லையில் அது சில படப்புள்ளிகளுக்குள் மறையும்; 400 மி.மீ. இல், இரண்டு வில்விநாடிக்கு ஒரு படப்புள்ளி என்னும்போது, வழிகாட்டுக் கருவி இன்றி நீண்ட படம் எடுக்க இயலாது. வழிகாட்டுக் கருவி, அதற்கான கணினி, கணினிக்கான மின்கலம் எனச் சுமை பெருகும். எடுத்துச்செல்லத்தக்கது என்ற சொல் அங்கே பொருளிழக்கிறது.

தானியங்கிச் சிறு தொலைநோக்கிகள்

2023 இல் இசட்டபிள்யூஓ நிறுவனம் வெளியிட்ட ‘சீஸ்டார் எஸ்50’ தொலைநோக்கி, உணரி, மின்னோடி, மின்கலம், கணினி ஆகிய அனைத்தையும் 2.5 கிலோகிராம் எடைக்குள் அடக்கியது. அதன் துளை 50 மி.மீ., குவியத்தூரம் 250 மி.மீ. கைபேசியில் பொருளைத் தேர்ந்தால் அது தானே தேடிப் படமெடுத்து அடுக்கித் தருகிறது. துருவ ஒழுங்கமைப்பு தேவையில்லை என்பதே துருவ விண்மீன் தாழ்ந்திருக்கும் நிலப்பகுதியில் இதன் பெரும் சிறப்பு.

இவை உயரம், திசை என்னும் இரு அச்சுகளில் நகர்வதால் படச்சட்டம் மெல்லச் சுழலும். இச்சுழற்சி பொருள் இருக்கும் திசையைப் பொறுத்தது. நேர் கிழக்கிலும் நேர் மேற்கிலும் அது சுழியாகும். உச்சிக்கு அருகில் மிக வேகமாகும். ஓரியன் நெபுலா கன்னிவாடியில் 74 பாகை உயரத்தில் உச்சிக்கோட்டைக் கடக்கிறது. அப்போது சட்டம் மணிக்கு 50 பாகைக்கு மேல் சுழல்வதால், 10 விநாடிப் படத்தின் மூலையில் விண்மீன்கள் ஏறத்தாழ மூன்று படப்புள்ளிகள் இழுபடும். அதே நெபுலாவை இரண்டு மூன்று மணிநேரம் முன்னர், கிழக்கே ஏறிக்கொண்டிருக்கையில் எடுத்தால் இக்குறை வெகுவாகக் குறையும். பின்னர் வந்த மென்பொருள் புதுப்பிப்பு, கருவியைச் சாய்த்துப் பொருத்தித் துருவ அச்சு முறையிலும் இயக்க வழிசெய்தது.

தன் கையால் ஒவ்வொரு படியையும் கற்க விரும்புவோருக்கு இவை நிறைவு தருவதில்லை என்ற கருத்தும் உண்டு. பள்ளி வானியல் மன்றம் ஒன்றுக்கு, ஒரே இரவில் நாற்பது மாணவர்களுக்கு நெபுலாவைக் காட்ட வேண்டுமாயின் இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை.

பனி, குளிர், மின்சாரம்

உயரம் கூடக்கூட வெப்பநிலை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6.5 பாகை குறைகிறது. கன்னிவாடி அடிவாரத்தைவிடக் கொடைக்கானல் இரவுகள் 10 பாகைக்கு மேல் குளிர்ந்தவை. இதனால் ஒரு நன்மை உண்டு. உணரியின் வெப்ப இரைச்சல் ஏறத்தாழ ஒவ்வொரு 6 பாகைக்கும் இரட்டிப்பதால், அடிவாரத்தில் ஏப்ரல் இரவில் எடுத்த படத்தைவிட மலைமேல் எடுத்த படத்தில் அது கால் பங்கு அளவுக்குக் குறையும். அடிவாரத்தில் படமெடுப்போர், வில்லையை மூடிக்கொண்டு அதே நேர அளவில் எடுக்கும் இருள்படங்களை மறவாது சேர்க்க வேண்டும்.

தீமை, பனி. வில்லையின் முகப்பில் படியும் பனி சில நிமிடங்களில் படத்தைக் கெடுக்கும். 5 வோல்ட்டில் இயங்கும் சூடேற்றுப் பட்டையை வில்லையைச் சுற்றிக் கட்டுவது நிலையான தீர்வு. 10,000 மில்லி ஆம்பியர்-மணி அளவுள்ள கைபேசி மின்வங்கி, 5 வாட் பட்டையை ஆறு மணிநேரம் வரை இயக்கும். தாங்கிக்குத் தனி மின்வங்கி வைப்பது நலம். குளிரில் ஒளிப்படக்கருவி மின்கலங்களின் ஆற்றல் குறைவதால், உதிரி மின்கலத்தைச் சட்டைப்பையில் உடல் வெப்பத்தில் வைத்திருப்பர். படமெடுத்து முடித்த பின் கருவியை மூடிய பையிலேயே அறைக்குள் கொண்டுவந்து, ஒரு மணிநேரம் கழித்துத் திறக்க வேண்டும். உடனே திறந்தால் உட்பகுதியிலும் ஈரம் படியும். முகட்டுக் காற்றுக்கு எதிராக முக்காலியின் நடுவில் கற்கள் நிரப்பிய பையைத் தொங்கவிடுவது செலவில்லாத வழி.

காலமும் இடமும்

பழனி மலைகளில் வடகிழக்குப் பருவமழையின் அக்டோபர், நவம்பர் மாதங்களே மிகுந்த மழை தருபவை. தென்மேற்குப் பருவ மாதங்களிலும் மேகமூட்டம் மிகும். ஆகவே சனவரி முதல் மார்ச்சு வரை தெளிந்த இரவுகளை மிகுதியாக எதிர்பார்க்கலாம். அப்பொழுது முன்னிரவில் ஓரியனும், நள்ளிரவுக்குப் பின் தென்சிலுவையும், பிப்ரவரி நடுவில் அதிகாலை 3 மணியளவிலிருந்து பால்வழியின் மையமும் தோன்றுகின்றன.

கன்னிவாடிப் பகுதியிலிருந்து பன்றிமலை, ஆடலூர் ஊர்களை நோக்கி மலைச்சாலை ஏறுகிறது. நகர ஒளியிலிருந்து விலக விரும்புவோர் இத்தகைய ஊர்களில் தெரிந்தவர் வீட்டு மொட்டைமாடியையோ தோட்டத்தையோ பயன்படுத்துவது ஏற்றது. காப்புக்காடுகளில் இரவில் அனுமதியின்றி நுழைதல் சட்டப்படி குற்றம். மேலும் பழனி மலைகள் யானையும் காட்டெருமையும் நடமாடும் இடங்கள்; சாலையோரத்தில் விளக்கணைத்து நிற்பதும் பாதுகாப்பானதன்று. கொடைக்கானல் நகருக்குள் சுற்றுலா விடுதிகளின் ஒளி மிகுந்துள்ளது.

சூரிய ஒளிப்படம்

பகலில் எடுக்கத்தக்க வானொளிப்படங்களுள் சூரியனின் படமும் ஒன்று. துருவ ஒழுங்கமைப்பின் துல்லியமும், இருண்ட வானமும் இதற்குத் தேவையில்லை. வில்லை உருவாக்கும் சூரிய வட்டத்தின் விட்டம் குவியத்தூரத்தில் ஏறத்தாழ 110 இல் ஒரு பங்கு. 400 மி.மீ. வில்லையில் அது 3.6 மி.மீ. அளவில் அமையும், பெரிய கரும்புள்ளிகளைக் காட்ட இது போதும். நிலவுக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

வில்லையின் முன்புறத்தில், ஒளியை நூறாயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் சூரிய வடிகட்டி பொருத்தப்பட வேண்டும். கண்பொருத்தியின் பக்கம் திருகும் சிறு வடிகட்டிகள் வெப்பத்தில் வெடிக்கக்கூடியவை, அவற்றைப் பயன்படுத்தலாகாது. ஒளிப்படத்துக்கென விற்கப்படும் அடர்த்தி குறைந்த வடிகட்டித் தாள்கள் கண்ணால் பார்ப்பதற்கு உரியவை அல்ல. அத்தாளைப் பயன்படுத்தும்போது ஒளியியல் காட்சிச் சாளரத்தில் கண் வைக்காமல் திரையை மட்டுமே நோக்க வேண்டும். எக்சு கதிர்ப் படச்சுருள், புகைபிடித்த கண்ணாடி போன்றவை கண்ணுக்கும் கருவிக்கும் ஊறு விளைவிப்பவை.

2019 திசம்பர் 26 அன்று நிகழ்ந்த வலயச் சூரிய கிரகணத்தின் பாதையில் திண்டுக்கல்லும் அமைந்திருந்தது. காலை 9.30 மணியளவில் சுமார் 3 நிமிடம் வளையம் நீடித்தது. 2031 மே 21 அன்று நிகழவுள்ள வலயச் சூரிய கிரகணத்தின் பாதை கேரளம், தமிழ்நாட்டின் தென்பகுதி ஆகியவற்றின் வழியே செல்லும். வளையம் தெரியும் பாதை குறுகியதாதலால், அதைப் படமெடுக்க விரும்புவோர் பாதைக்குள் உள்ள ஊர் ஒன்றுக்குத் தம் கருவிகளுடன் பயணம் செய்ய வேண்டியிருக்கும்.